மார்க் குறைந்த பிள்ளைக்கென்று ஒரு குரூப்

(மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்வி குறித்து, ஆர்.கே.பேட்டையில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் நடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், இந்தப் பக்கம் மார்க் ஷீட்டோடு அப்பாவும் பிள்ளையும். மார்க் நன்றாக இருந்தால் மேத்ஸ்-பயாலஜி. கொஞ்சம் இறங்கினால் கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னும் இறங்கினால் காமர்ஸ். அதற்கும் கீழே என்றால், "தொழிற்பிரிவுல இடம் இருக்கு, போட்டுடலாமா?" அப்பா தலையாட்டுவார். பிள்ளை தரையைப் பார்க்கும்.

மோட்டார் சத்தத்தைக் கேட்டே பேரிங் போய்விட்டது என்று சொல்லும் பையன் ஊருக்கு ஒருவன் இருக்கிறான். அவன் 480 மார்க் வாங்கிவிட்டால் அடிப்படை இயந்திரவியல் வகுப்பின் வாசலைக்கூட மிதிக்க மாட்டான், விடவும் மாட்டோம். கிரீஸ் வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் பையன் 210 வாங்கினால் நேரே அங்கேதான். இப்படிச் சேர்த்துவிட்டு, "தொழிற்கல்வியில் பிள்ளைகள் ஆர்வம் காட்டுவதில்லை" என்று அறிக்கை எழுதுகிறோம். தொழிற்பிரிவு ஆசிரியராக இருந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோபத்தை இந்த ஊரில் வந்து பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் என்று இந்தப் பக்கம் முழுக்க விசைத்தறிச் சத்தம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், வேலைக்குப் போனால் இந்தியும் ஆங்கிலமும் கலந்த ஒரு பாஷை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த நாம் 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்குள் வந்தோம். எல்லையில் இருப்பதாலோ என்னவோ, இப்போதைய நம் மாவட்டத்தின் தொழிற்சாலைகள் எல்லாம் நமக்கு எட்டத்தில்தான் முளைத்தன. கும்மிடிப்பூண்டி சிப்காட் மாவட்டத்தின் அந்தக் கோடி, நாம் இந்தக் கோடி. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் பக்கத்து மாவட்டம். பொழுது விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வருகிறது, பிளஸ் 2 முடித்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது, இருட்டிய பிறகு இறக்கிவிடுகிறது. அந்த பஸ்ஸில் என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டால், "கம்பெனிக்கு" என்பார்கள். என்ன வேலை என்று பல பேருக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் ஒப்பந்தக்காரர் எந்த லைனில் நிறுத்துகிறாரோ அதுதான் அன்றைக்கு வேலை.

பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இந்த இரண்டு வழிதானா? அப்பாவின் தறி, இல்லாவிட்டால் ஒப்பந்தக்காரரின் லைன்? நடுவில் பள்ளிக்கூடமே ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து, கல்லூரிக்கும் வழி விட்டுவைக்க முடியாதா? இந்தக் கேள்வி புதிதில்லை. இதற்குப் பதில் எழுதியவர்களில் மூன்று பேர் நமக்கு ரொம்ப வேண்டியவர்கள்.

முதலாமவர் நம் திருத்தணியில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1948-49-இல் அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பத்துப் பன்னிரண்டு ஆண்டு படித்த மாணவர்களைத் தொழில்களின் பக்கம் திருப்பிவிடுவதற்காக மாகாணந்தோறும் தொழில் நிலையங்களைத் திறக்கச் சொன்னது. அடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். 1952-53-இல் அவர் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, ஒரே பள்ளிக்கூடத்தில் பல துறைகளையும் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. மூன்றாமவர் வேலூரில் பிறந்து யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேசையா. மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வியை எப்படிச் சேர்ப்பது என்று 1978-இல் நாட்டுக்கே திட்டம் எழுதிக்கொடுத்தது அவருடைய குழு. அதே 1978-இல்தான் தமிழ்நாட்டில் பி.யு.சி. போய் பிளஸ் 2 வந்தது. கூடவே தொழிற்பிரிவும் வந்தது. இயந்திரவியல், மின் பொறியியல், வேளாண்மை, செவிலியம், தணிக்கை, நெசவுத் தொழில்நுட்பம் என்று வரிசையாகப் பாடங்கள்.

இடையில் கோத்தாரி குழு, பத்தாம் வகுப்புக்குப் பிறகு பாதிப் பேர் தொழிற்கல்விக்குப் போக வேண்டும் என்றது. 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை அவ்வளவு ஆசைப்படவில்லை. 1990-க்குள் 10 விழுக்காடு, 1995-க்குள் 25 விழுக்காடு போதும் என்றது. அந்த இலக்கின் பக்கத்தில்கூட நாடு போகவில்லை.

ஏன் போகவில்லை? மெஷின் இல்லை, பணம் இல்லை, ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்புவதில்லை, ஆசிரியரோடு சேர்ந்து குரூப்பும் ஓய்வு பெற்றுவிடுகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால் ஒரு நோக்கம் திரும்பத் திரும்ப வருகிறது. கல்லூரியில் கூட்டம் அதிகம், அதைக் குறைக்க வேண்டும், அதற்காகக் கொஞ்சம் பேரைத் தொழிற்கல்விக்குத் திருப்ப வேண்டும். யாரைத் திருப்புவது? அதிகாரி வீட்டுப் பிள்ளையைத் திருப்ப முடியுமா? நம் வீட்டுப் பிள்ளையைத்தான். தறிக்காரருக்குக் கமிஷன் அறிக்கை படிக்க நேரமில்லை, ஆனால் அந்த நோக்கம் அவருக்குப் படிக்காமலே புரிந்துவிட்டது. "எம் பையன் காலேஜுக்குப் போகக் கூடாதுன்னு வெச்சிருக்கிற குரூப்பா சார் இது?" என்று கேட்டவர்களுக்கு வாய் திறந்து பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பழைய வடு இருக்கிறது. 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். தினமும் மூன்று மணி நேரம் மட்டும் பள்ளிக்கூடம், மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். போதுமான கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் இருப்பதை வைத்தே இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் தச்சன் வீட்டில் தச்சு, வண்ணான் வீட்டில் வெளுப்பு, நகரத்துப் பிள்ளைக்கு மட்டும் முழுநாள் படிப்பு என்றால் அதற்கு என்ன அர்த்தம்? குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் மட்டும் எதிர்க்கவில்லை, காங்கிரசுக்குள்ளேயே எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் போய்விட்டது. திட்டம் வந்த 1953 ஜூன் மாதத்தில் இந்த ஊர் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. அந்த அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ஆகவே நம் தாத்தாக்களுக்கு அது பேப்பரில் படித்த செய்தி மட்டும் அல்ல.

அந்த எதிர்ப்பு சரியானது என்பதே என் கட்சி. பத்து வயதுப் பிள்ளைக்கு அப்பன் தொழிலை விதியாக்கும் எதுவும் கல்வி ஆகாது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்கான விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தபோது தமிழ்நாடு தயங்கியதற்கும், பரம்பரையாக அந்தத் தொழில் செய்யும் குடும்பமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டுக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக அறிவித்ததற்கும் அந்த 1953 நினைவுதான் காரணம்.

ஆனால் அந்தப் பயம் இன்னொரு பக்கமும் வேலை செய்துவிட்டது. கைவேலை என்றாலே படிப்புக்கு எதிரி என்று நாமும் முடிவு கட்டிவிட்டோம். தறி வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்திலேயே தனக்குத் தெரிந்ததையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறது.

நூல் நம்பரை எடுத்துக்கொள்வோம். இந்த அவையில் பாதிப் பேருக்கு விரலால் தொட்டே 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர் என்று சொல்லத் தெரியும். நம்பர் கூடினால் நூல் மெலியும். ஏன்? ஒரு சிட்டம் என்பது 840 கஜம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். 60-ஆம் நம்பர் என்றால் அதே ஒரு பவுண்டில் 50,400 கஜம். அதே எடையில் நீளம் கூடினால் நூல் மெலிந்துதானே ஆக வேண்டும்? கணக்குப் புத்தகத்தில் இதற்கு எதிர்விகிதம் என்று பெயர். பத்து ஆட்கள் ஆறு நாளில் சுவர் கட்டினால் பதினைந்து ஆட்கள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று அங்கே கேட்கிறார்கள். அந்தச் சுவரை யாரும் பார்த்ததில்லை. வீட்டில் தார் சுற்றிவிட்டு வந்த பெண் அந்தக் கணக்கில் தப்பு விடுகிறாள். ஒரு பாவுக்கு எத்தனை கிலோ நூல் வேண்டும், அச்சில் அங்குலத்துக்கு எத்தனை இழை, கஞ்சி போட்டால் எடை எவ்வளவு ஏறும், சாயம் துணியில் ஏன் பிடிக்கிறது, ஏன் சாயம் போகிறது? இதில் கணிதம் இருக்கிறது, இயற்பியல் இருக்கிறது, சாயத்தில் வேதியியல் முழுசாக இருக்கிறது. நெசவுத் தொழில்நுட்பம் என்ற குரூப்பை ஒழுங்காக நடத்தினால் அது மேத்ஸ் குரூப்புக்கு எந்த விதத்திலும் இளைத்தது கிடையாது.

அந்த குரூப்பில் நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் மட்டும் சேர்ந்தால் அதை நான் தோல்வி என்பேன். சோளிங்கர் பக்கத்து விவசாயி மகள் நெசவியல் எடுத்து, அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் மகன் செவிலியம் எடுத்தால்தான் அது பள்ளிக்கூடம்.

வெளியூரில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். ஜெர்மனியைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். 1969-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எடிசன் உயர்நிலைப் பள்ளியில் மின்சாரத் தொழிலை மையமாக வைத்து ஒரு பிரிவு தொடங்கினார்கள். படிப்பை விட்டு நிற்கக்கூடிய பிள்ளைகளைப் பிடித்து வைப்பதுதான் முதல் நோக்கம். பிறகு கரியர் அகாடமி என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது. ஒரு பெரிய பள்ளிக்குள்ளேயே சின்னக் குழு, அதே ஆசிரியர்கள் தொடர்ந்து மூன்று நான்கு வருஷம், ஒரு தொழில் துறை, பக்கத்து நிறுவனங்களில் நேரடிப் பயிற்சி. ஆனால் கல்லூரிக்கு வேண்டிய பாடங்களில் ஒன்றையும் குறைக்கக் கூடாது. இது பலன் தருகிறதா என்று பார்க்க எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளை எடுத்துக்கொண்டது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் சீட்டுக் குலுக்கிச் சேர்த்தார்கள். இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் இருவரையும் பள்ளி முடித்து எட்டு ஆண்டு வரைக்கும் பின்தொடர்ந்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. இடம் கிடைத்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். கல்லூரிச் சான்று பெற்றவர்களின் அளவில் இரண்டு பக்கத்துக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை.

அந்தக் கடைசி வரிதான் நமக்கு வேண்டியது. தொழில் கற்றதால் கல்லூரி கெட்டுப்போகவில்லை. சீட்டுக் குலுக்கிச் சேர்த்ததையும் கவனியுங்கள், மார்க்கைப் பார்த்துத் தள்ளிவிடவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் இலங்கைக்கு வாருங்கள். அங்கே உயர்தர வகுப்பில், அதாவது நம் பிளஸ் 2-வில், 2013-இல் தொழினுட்பவியல் என்று ஒரு பிரிவைத் தொடங்கினார்கள். பொறியியல் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஞ்ஞானப் பாடம். அதோடு நிற்காமல் அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்வதற்கென்றே பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்ப பீடங்களைத் திறந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடம் கிளிநொச்சியில் இருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளியில் ஒரு பிரிவைத் தொடங்கும்போதே மேலே ஏறிப்போக ஏணியையும் சேர்த்துச் செய்தார்கள்.

நம்மிடம் ஏணியே இல்லையா? இருக்கிறது. யாரும் காட்டுவதில்லை. இந்த மேடையில் அதைச் சொல்லிவிடுகிறேன், பேனா இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பொறியியல் சார்ந்த தொழிற்பிரிவில் பிளஸ் 2 முடித்தவர் பி.இ. கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்குத் தனி ஒதுக்கீடு, தனித் தரவரிசைப் பட்டியல். ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றில் ஒன்றைத் தொடர்புடைய பாடமாகப் படித்திருக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் மறுபடியும் இரண்டாம் ஆண்டு. பத்தாவது முடித்து இரண்டு வருட ஐ.டி.ஐ. படித்தவர், தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் 2-க்கு இணையாகக் கொள்ளலாம் என்று அரசாணை இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவருக்கு 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பட்டப்படிப்புக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போனாலும் உண்டு.

அடைபடுகிற கதவையும் சொல்ல வேண்டும். தொழிற்பிரிவு எடுத்தால் நீட் எழுதி டாக்டராக முடியாது. ஐ.ஐ.டி.க்கான தேர்வும் கிடையாது. பதினைந்து வயதில் இந்தக் கதவை அடைக்கிறோம் என்று தெரிந்து அடைத்தால் சரி. தெரியாமல் அடைத்துவிட்டு பிளஸ் 2 ரிசல்ட் அன்றைக்குத் தெரிந்துகொள்வது அநியாயம்.

2022 மார்ச் 1-ஆம் தேதி நான் முதல்வன் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு அரசுப் பள்ளியில் வழிகாட்டல் என்ற ஒன்று நடக்கிறது, பிளஸ் 2-வோடு நின்றுபோன பிள்ளைகளைத் தேடிப்பிடித்து 'உயர்வுக்குப் படி' முகாமுக்குக் கூட்டிப் போகிறார்கள். மனசாரப் பாராட்டுகிறேன். மாவட்டத்துக்கு ஒன்றாக மாதிரிப் பள்ளிகள் வந்திருக்கின்றன, அங்கிருந்து ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் போகிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து ஓரிடத்தில் வைத்து ஜெயிக்க வைப்பது ஒரு வேலை, மிச்சமிருக்கும் பிள்ளைகளை இருக்கிற இடத்திலேயே வைத்து முன்னேற்றுவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்குப் பூமாலையும் கிடைப்பதில்லை, போட்டோவும் கிடைப்பதில்லை.

டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ, சி.என்.சி. இயந்திரங்கள் என்று நவீன மையங்கள் அமைத்திருக்கிறார்கள். பள்ளியின் இயந்திரவியல் ஆய்வகத்திலோ பழைய லேத் ஒன்று துரு ஏறிக் கிடக்கும். பள்ளிக்கு ஒரு துறை, ஐ.டி.ஐ.க்கு ஒரு துறை; அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கோப்பைத் தாண்டி, வாரத்தில் ஒரு நாள் பிளஸ் 1 பிள்ளைகளை அந்த ஐ.டி.ஐ.க்கு பஸ்ஸில் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? புதிதாக ஒரு மெஷினும் வாங்க வேண்டாம். பஸ் செலவும் ஒரு கையெழுத்தும் போதும். கையெழுத்துத்தான் கஷ்டம்.

கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் தொழிற்சாலை நடத்துகிறவர்கள் இந்த அவையில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளஸ் 2 முடிக்கும் பிள்ளைக்குப் பதினேழு வயது. பதினெட்டு ஆகாதவரை ஆபத்தான வேலையில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம். இந்த ஒரு வருஷ இடைவெளியில்தான் பையன் கிடைத்த வேலைக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறான், பெண்ணுக்கு ஜாதகம் எடுக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி கொடுங்கள். உதவித்தொகை தருகிறீர்கள், சரி. பயிற்சி முடிந்ததும் வேலை தரக் கட்டாயமில்லை என்று அதே சட்டம் உங்களுக்குச் சலுகை தந்திருக்கிறது. ஆகவே பழகிய கையை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த வருஷம் புதுக் கையை எடுத்துக்கொள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று தொழில் கூட்டமைப்புக் கூட்டங்களில் வருத்தப்படுகிறார்கள். பயிற்சி எடுத்தவர்களில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினீர்கள் என்ற ஒரு எண்ணை ஆண்டுதோறும் பள்ளிக்கூடத்துக்கு எழுதி அனுப்புங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நாங்கள் பிள்ளைகளை அனுப்புகிறோம்.

நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கூட்டம் தொடங்கும் முன்பே முன்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. "எம் பொண்ணுக்குத் துணி டிசைன் போடறதுல ஆசை. பத்தாவதுல 431. நெசவு குரூப் கேக்கறா. வீட்ல எல்லாரும் திட்டறாங்க. சேக்கலாமா?"

அம்மா, அவள் கேட்டு எடுக்கிறாள், யாரும் தள்ளிவிடவில்லை. அதனால் சேர்க்கலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்து அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பம் இருக்கிறது, கோவை பி.எஸ்.ஜி.யில் இருக்கிறது, சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. எதற்கு என்ன தகுதி என்பதை இந்த வாரமே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவள் தறியில் உட்காரப் போவதில்லை என்று வீட்டில் சொல்லுங்கள். உட்கார்ந்தாலும் தெரிந்துதான் உட்காருவாள். ஒன்றே ஒன்று. சேர்க்கைப் படிவத்தில் தொடர்புடைய பாடம் என்று வரும் இடத்தில் கணிதம் என்று எழுதச் சொல்லுங்கள், அதை விட்டால் வழி குறுகிவிடும். தலைமையாசிரியர் ஐயா, தொழிற்பிரிவு வகுப்புக்கும் கணித ஆசிரியர் முழுப் பீரியடும் வருவாரா என்பதை, இவர்கள் எல்லோரும் இருக்கும்போதே நீங்கள் சொல்லிவிட்டால் நல்லது. மைக்கைத் தருகிறேன்.